ஒன்பது மீட்டர் உயரத்தில்

பனிச்சறுக்கு விடுமுறைக்கு வடக்கேயிருந்து வருகிறவர்களுக்குக் கிருஷாந் பேசுகிற ஜெர்மன் சட்டென்று விளங்காது. அவன் தென் ஜெர்மனியின் ஆல்கோய் மலைக்காரன். கெம்ப்டன் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஆஸ்திரிய எல்லையோரப் பள்ளத்தாக்கு ஒன்றில் வளர்ந்து, அந்த ஊர்ப் பேச்சையே முதல் ஜெர்மனாகக் கற்றவன். சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் மலைமேல் ஏற்றும் லிஃப்டின் வாசலில் நின்று அவன் ஏதாவது சொன்னால், வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அவனும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான். பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது விளக்கம் சொல்ல நேரமிராது.

அவனுடைய பெற்றோர் தொண்ணூற்று நான்கில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தபோது, மூடிக்கிடந்த மலை விடுதி ஒன்றில் குடிவைக்கப்பட்டார்கள். கூட இருந்த தமிழ்க் குடும்பங்கள் விசா கிடைத்த கையோடு ஸ்டுட்கார்ட், எசன் போன்ற பெரிய நகரங்களுக்குப் போய்விட்டன. கிருஷாந்தின் தகப்பனுக்குப் பாற்கட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. தாய் இராஜேஸ்வரி ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார். வேலையை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் துணிவில்லை. அப்படியே தங்கிவிட்டார்கள், பள்ளத்தாக்கில் ஒரே தமிழ்க் குடும்பமாக.

பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளோடு அவனையும் நாலு வயதில் சறுக்குப் பலகையில் ஏற்றினார்கள். நன்றாகவே சறுக்கினான். ஆனால் அவன் கண் போனது மேலே ஓடுகிற கம்பியிலும் சில்லுகளிலும்தான். பதினாறு வயதில் லிஃப்ட் கம்பனியில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தபோது இராஜேஸ்வரி, "படிச்சு எஞ்சினியரா வராமல் கம்பிக்குக் கிறீஸ் பூசப் போறியோ?" என்று கேட்டார். அவன் ஓம் என்றான். இப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. இன்னும் அதே வேலைதான்.

சென்ற பெப்ரவரியில், கார்னிவல் விடுமுறை வாரத்தின் புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு நாற்காலி லிஃப்ட் நின்றது. கியர்ப்பெட்டியில் ஏதோ முறிந்த சத்தம் கிருஷாந்துக்குத் துல்லியமாகக் கேட்டது. அவசர மோட்டாரைப் போட்டார்கள். இருக்கைகள் நாலு மீட்டர் நகர்ந்து மறுபடி நின்றன. கம்பியில் அறுபத்து மூன்று பேர் தொங்கினார்கள். அடிவாரக் குடிலில் பாட்டும் பியரும் ஓயவில்லை. வெயிலில் சாய்ந்திருந்தவர்கள் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இதற்குப் பயிற்சி நடக்கும். தூணில் ஏறி, கம்பியில் சிறு உருளையை மாட்டி, அதில் தொங்கியபடி இருக்கைக்கு இருக்கை போகவேண்டும். பயணிக்குக் கயிறு பூட்டிய பட்டியை மாட்டி, முன்னால் உள்ள தடுப்புக் கம்பியைத் தூக்கி, இருக்கையிலிருந்து வழுகவிடவேண்டும். கீழே நிற்கிறவர் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு இறக்குவார். பயிற்சியில் பயணிகளாக உட்கார்வது வேலைத்தோழர்கள். அவர்கள் சொன்னவுடன் குதித்துவிடுவார்கள். நிஜத்தில் இதைச் செய்ய நேர்ந்தது கிருஷாந்துக்கு இதுதான் முதல் தடவை.

நாலு இருக்கைகளை முடித்துக்கொண்டு ஐந்தாவதை நெருங்கும்போது, "அம்மா, கீழ பாராதேங்கோ" என்ற குரல் கேட்டது. அந்த மலையில் தன் வீட்டார் அல்லாத ஒருவர் தமிழ் பேசி அவன் கேட்டதில்லை.

வாடகைச் சறுக்குடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். எசனிலிருந்து வந்த சுபத்ராவும் அவர் மகள் சுஜானியும். சுபத்ராவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கக் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

"பயப்பிடாதேங்கோ அன்ரி" என்றான் கிருஷாந்.

சுபத்ரா தலையை மட்டும் திருப்பினார். "தம்பி தமிழோ?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"இந்த ஊர்தான்."

"அதைக் கேக்கேல்லை. அம்மா எந்த ஊர்?"

"மீசாலை."

"மீசாலையில ஆரின்ர ஆக்கள்?"

"அம்மா!" என்றாள் சுஜானி. "அவர் கம்பியில தொங்கிக்கொண்டு நிக்கிறார்."

முதலில் மகளை இறக்கும்படி தாய் சொன்னார். சுஜானி கண்ணை மூடிக்கொண்டு வழுகினாள், பத்திரமாகப் பனியில் போய் நின்றாள். பிறகு சுபத்ராவுக்குப் பட்டியை மாட்டித் தடுப்பைத் தூக்கினான். அவர் அசையவில்லை.

"கையை விடுங்கோ அன்ரி. கயிறு பிடிக்கும்."

"ஏலாது தம்பி."

"கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ, பிளீஸ்."

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். லிஃப்டைத் திருத்துங்கோ, நான் இருக்கிறன்."

ஜெர்மனில் சொல்லிப் பார்த்தான். பயத்தில் அவருக்கு ஜெர்மன் ஏறவில்லை, அதுவும் ஆல்கோய் ஜெர்மன். பயிற்சியில் சொல்லித்தந்தது ஒன்றுதான்: சின்ன வசனம், உறுதியான கட்டளை. ஜெர்மனில் அந்தக் குரல் அவனுக்கு வரும். தமிழில் அவன் யாருக்கும் கட்டளையிட்டதே இல்லை. அது அவனுக்கு வீட்டுப் பாஷை. அதில் கேட்கவும் கெஞ்சவும் சாப்பிட வரவும் தெரியும், அவ்வளவுதான். காற்றும் கூடிக்கொண்டு வந்தது. அடுத்த இருக்கையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியிருந்தது. கயிற்றைப் பிடித்து நின்ற மார்ட்டின் என்ன தாமதம் என்று கீழேயிருந்து கத்தினான்.

தமிழில் கட்டளை என்று கிருஷாந்துக்குத் தெரிந்தது, தாய் தனக்கு இட்டவை மட்டுமே. யோசிக்காமல் அதுவே வாயில் வந்தது.

"குழப்படி செய்யாதை! கையை எடு! எடு எண்டுறன்! முன்னுக்கு வா!"

சுபத்ராவின் கைகள் தாமாகவே விட்டன. இருக்கையிலிருந்து வழுகிக் கயிற்றில் தொங்கி, சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கினார். கண் மட்டும் அவனை விட்டு அகலவில்லை. பயத்தைவிட அதில் திகைப்பே அதிகமாக இருந்தது.

நாலு மணிக்குள் அறுபத்து மூன்று பேரும் பனியில் நின்றார்கள். யாருக்கும் காயமில்லை.

மறுநாள் காலை சுபத்ரா மகளோடு லிஃப்ட் கூடத்துக்கு வந்தார். பெரிய சொக்கிலேற் பெட்டியை நீட்டிவிட்டு, "பெரியாக்களை எடு, வா எண்டு சொல்லுறதோ தம்பி?" என்று கேட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. வேறை மாதிரிச் சொல்லத் தெரியேல்லை."

"மரியாதையாச் சொல்லியிருந்தா நான் இப்பவும் அங்கதான் இருந்திருப்பன்" என்றார் சுபத்ரா. "அம்மான்ர நம்பரைத் தாங்கோ."

அன்று மாலை வீட்டில், சுபத்ரா தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு இராஜேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் உனக்குச் சொல்லுறதை வெளியாக்களுக்குச் சொல்லுறதே? நாளைக்கு எசன் முழுக்க என்னைத்தான் கதைக்கப்போகுது." ஆனாலும் நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்து, மேலே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கிளம்பினார். அரை மணியில் வந்துவிடுவேன் என்றார். கிருஷாந் ஒன்பது மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனபோது, வரவேற்பறையில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் முன்னாலும் தேநீர் ஆறிக்கிடந்தது. அவனைக் கண்டதும் தாய், இன்னும் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினார். அவன் போய்க் காரில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை புது கியர்ப்பெட்டி வந்தது. சுபத்ரா அன்றும் விடுமுறைக்காகச் சேர்ந்திருந்த சறுக்கு வகுப்புக்குப் போனார், லிஃப்ட் ஏறத் தேவையில்லாத குழந்தைகள் சரிவுக்கு. ஏழெட்டுத் தடவை விழுந்தாராம். சனிக்கிழமை அவர்கள் எசனுக்குப் புறப்பட்டபோது கிருஷாந்தால் வழியனுப்பப் போக முடியவில்லை. சோதனை ஓட்டத்துக்காகக் காலி இருக்கைகளை மலையுச்சிக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் சரியாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான். இராஜேஸ்வரி போய் இடியப்பப் பொதி கொடுத்துவிட்டு வந்தார்.