நாய் வண்டி சித்தார்த்தன்

விழுப்புரத்தில் சித்தார்த்தனைப் பார்த்துக் குரைக்காத தெருநாய் குறைவு. பதினோரு ஆண்டுகளாக அவருக்கு நாய் பிடிக்கிற வேலை. வலை வீசிப் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவார்கள். ஐந்து நாள் கழித்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். அதுதான் விதி.

விட்ட நாய்கள் அவரை மறப்பதில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியும் பனியனுமாகப் பால் வாங்கப் போனாலும் கண்டுபிடித்துவிடும். சேர்ந்து எங்காவது கிளம்பினால் அவர் மனைவி பிரபாவதி, "நீ பின்னாடி ரோட்ல சுத்திக்கினு வா. உன்கூட வந்தா என்னையும் சேத்து கத்துதுங்க" என்பார். வண்டியின் வாடை உடம்பில் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் குரைக்கின்றன என்று சித்தார்த்தன் நினைத்துக்கொண்டார். "அதுங்களுக்கு இன்னா தெரியும்? ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றுதான் யார் கேட்டாலும் சொல்வார்.

அவர் முரட்டு ஆள் இல்லை. பக்கத்துக் கெடார் கிராமத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம். வேகமாக ஓடுவார், நாய்க்குப் பயப்பட மாட்டார் என்பதால் இந்த வேலை கிடைத்தது. கழுத்தில் சுருக்கு மாட்டி இழுப்பது அவருக்குப் பிடிக்காது. வலைதான்.

போன வருடம் ஆடி மாதம், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை நாய் போகிற ஸ்கூட்டரையெல்லாம் துரத்தியது. அப்படித் துரத்தியதில் அஸ்வினி என்ற பெண் கீழே விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. அவளுடைய மாமனார் கிருஷ்ணசாமி வாசலிலேயே காத்திருந்தார்.

"புடிச்சிக்கினு போங்க. ஆனா திரும்ப இங்க கொண்டாந்து வுட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"வேற எடத்துல வுடக் கூடாதுங்க."

"உங்க ஊட்டுப் பொண்ணு வுழுந்திருந்தா இப்பிடிப் பேசுவியா?"

சித்தார்த்தன் வண்டிப் பக்கம் போய், மேற்பார்வையாளர் அலெக்ஸுக்குப் போன் செய்தார். "பேஜாரு புடிச்ச தெருப்பா அது. ஆபரேஷன் ஆனதும் எங்கனா தூரமா வுட்டுட்டு வந்துடு" என்றார் அலெக்ஸ்.

ஐந்தாம் நாள் திருவாமாத்தூர் பக்கம் ஒரு சிறு பாலத்தருகே வண்டியை நிறுத்திக் கூண்டைத் திறந்தார். நாய் இறங்கி மண்ணை மோந்து பார்த்தது. அவர் வண்டியைக் கிளப்பியதும் பின்னாலேயே ஓடி வந்தது. அவரைக் கண்டாலே நடுங்கிய நாய், அவர் வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தது. வளைவு வரைக்கும் அது கண்ணாடியில் தெரிந்தது.

மறுநாள், நாயைப் பிடித்த அதே தெருவின் முனையில் இட்லிக் கடை போடும் அம்சா அவரை நிறுத்தினார்.

"எங்க பவுனை எப்பப்பா கொண்டாந்து வுடுவ?"

அந்த நாய்க்கு ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "தையல் இன்னும் ஆறலக்கா. ரெண்டு நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டார்.

அம்சா உள்ளே போய் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். "ஆபரேஷன் பண்ண ஒடம்பு. கறிக்கொழம்பு சோறு, காரம் போடல. இத்தப் போட்டுடு. அம்சா குடுத்துச்சுன்னு சொல்லு, அது துன்னும்."

சித்தார்த்தன் வாங்கிக்கொண்டார். கொட்டகையில் இருந்த வேறு நாய்களுக்குப் போட்டார். மறுநாளும் பொட்டலம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. "துன்னுச்சா?" என்று கேட்டபோது, "துன்னுச்சுக்கா" என்றார். அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பிரபாவதி துருவிக் கேட்டதும் நடந்ததைச் சொன்னார்.

"போய் கூட்டிக்கினு வா. இங்க குந்திக்கினு மூஞ்சத் தூக்கி வெச்சா ஆச்சா?" என்றார் பிரபாவதி.

காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு திருவாமாத்தூர் போனார். பாலத்தருகே இருந்த டீக்கடைக்காரரிடம் விசாரித்தார்.

"செவப்பு நாயா? பஸ் நின்னா போதும், எறங்குற ஒவ்வொருத்தர் காலாண்டயும் போய் மோந்து பாக்குது. அப்பறம் அந்தாண்ட போய் படுத்துக்குது. பிஸ்கட் போட்டாக்கூட துன்ன மாட்டேங்குது."

பவுன் பஸ் நிழற்குடைக்குப் பின்னால் படுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் காதை மடக்கி, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, தரையோடு தரையாக ஊர்ந்து பாலத்தடிக் குழாய்க்குள் புகுந்துவிட்டது. படுத்திருந்த இடத்தில் ஈரம். பயத்தில் சிறுநீர் போயிருந்தது. சித்தார்த்தன் குழாயின் வாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிஸ்கட்டை உடைத்து உள்ளே போட்டார். உள்ளிருந்து பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது. வலை எடுத்து வந்திருந்தால் பத்து நிமிட வேலை. எடுத்து வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

நேராக இட்லிக் கடைக்குத்தான் போனார்.

"அக்கா, பவுனு கொட்டாயில இல்ல. திருவாமாத்தூர்ல வுட்டுட்டேன். நாந்தான் வுட்டேன்."

அம்சா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ மூணு நாளா நான் கட்டிக் குடுத்த சோறு?"

"வேற நாயிங்களுக்குப் போட்டேன்க்கா."

"அதுங்களாச்சும் துன்னுச்சே" என்றார் அம்சா. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரையும் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். அடுப்பை அணைத்தார். "வண்டிய எடு."

அம்சா பாலத்தில் இறங்கி, "பவுனு, ஏய் பவுனு" என்றார். குழாய்க்குள் மண் சரிகிற சத்தம். பவுன் வெளியே வந்து எழுப்பிய ஒலியைச் சித்தார்த்தன் பதினோரு ஆண்டுகளில் கேட்டதில்லை. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அம்சாவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கையை நக்கியது. மல்லாந்து படுத்துத் தையல் போட்ட வயிற்றைக் காட்டியது. அம்சா ரோட்டோரம் உட்கார்ந்து அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்போதுதான் பவுன் சித்தார்த்தனைப் பார்த்தது. மறுபடி குழாய்க்குள் போய்விட்டது.

"நீ கொஞ்சம் அந்தாண்ட போப்பா" என்றார் அம்சா. சித்தார்த்தன் பக்கத்திலிருந்த கோயிலின் மதில் வரைக்கும் நடந்து போய் மறைவாக நின்றார். ஒரு ஷேர் ஆட்டோவைப் பேசி அம்சாவே நாயை ஏற்றிக்கொண்டு போனார். சித்தார்த்தன் நாயின் கண்ணில் படாத தூரத்தில் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

மறுநாள் இருவரும் கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போனார்கள். கிருஷ்ணசாமி கத்தினார். "காலையில ஸ்கூட்டருங்க போற நேரத்துக்கு கட்டிப் போட்டுடறேன். அதுக்கப்பறம் ஏதாச்சும் ஆனா என்னைக் கேளுங்க" என்றார் அம்சா. ஏன் துரத்துகிறது என்பதையும் அவரே சொன்னார். பவுனின் குட்டிகளில் இரண்டு, வைகாசியில் ஏதோ ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போயிருந்தன.

அஸ்வினி கட்டுப் போட்ட கையோடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்த வண்டின்னு தெரியாமதான் எல்லாத்தயும் துரத்துச்சா?" என்றாள். கிருஷ்ணசாமி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் புகார் கொடுக்கவில்லை. அம்சாவின் கடையில் இட்லி வாங்குவதையும் நிறுத்திக்கொண்டார்.

சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அலெக்ஸ் சித்தார்த்தனை ஒரு மாதம் கொட்டகை கழுவும் வேலையில் போட்டார். அங்கே பகலெல்லாம் நாய்களோடு இருக்கும்போதுதான் சிலவற்றைக் கவனித்தார். சில நாய்கள் வந்த நாளிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். ஒரு தெருவில் பிடித்த இரண்டை வேறு வேறு கூண்டில் அடைத்தால் இரண்டும் சாப்பிடாது. சேர்த்து அடைத்தால் சாப்பிடும். இதையெல்லாம் அவர் முன்பும் பார்த்தவர்தான். கூண்டு மாற்றிப் போடலாம் என்று இதற்கு முன் அவருக்குத் தோன்றியதில்லை.

வண்டிக்குத் திரும்பியபோது அலெக்ஸிடம், "இனிமே புடிச்ச எடத்துலதான் வுடுவேன். முடியாதுன்னா வேற ஆள் பாத்துக்கங்க" என்றார். வேறு ஆள் கிடைப்பது சுலபமில்லை. அலெக்ஸ் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

இப்போது சித்தார்த்தன் எந்தத் தெருவுக்குப் போனாலும் வலையை எடுக்கும் முன், "இதுக்கு யாருங்க சோறு போடறது?" என்று கேட்கிறார். அநேகமாக யாராவது ஒருவர் இருக்கிறார். பூ விற்பவர், ஆட்டோக்காரர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். அவர்களையே கூப்பிட்டு நாயை வண்டியில் ஏற்றச் சொல்கிறார். அப்படி யாரும் இல்லாத நாய்களுக்குத்தான் வலை. வேலை மெதுவாக நடக்கிறது என்று அலெக்ஸுக்குக் கோபம்.

போன வாரம் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் அன்புச்செல்வி என்ற துப்புரவுப் பணியாளர், தான் சோறு போடும் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார். ஏற்றிய பிறகு இறங்கவில்லை.

"அழுவுதுண்ணா. கொட்டாய் வரைக்கும் நானும் கூட வர்றேன்."

வண்டியில் ஆட்களை ஏற்றக்கூடாது. சித்தார்த்தன் ஒரு கோணிப்பையை மடித்துக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டார். "கம்பியக் கெட்டியாப் புடிச்சிக்கோம்மா, ரோடு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.