பஸ் சாரதியின் தாய்

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். அப்போது அவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்துகொண்டிருந்தார். போக வர ஒரு வெள்ளைக்காரரின் காரில்தான் பயணம். அந்த மனிதரின் ரேடியோவில் எந்நேரமும் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு. முதல் மாதம் தலையிடி என்று புலம்பியவர் மூன்றாம் மாதம் குளிக்கும்போது அதையே முணுமுணுக்கத் தொடங்கினார். கடைசியில் ஒருநாள் கன்ட்ரி பாட்டுக்காரர்களைப் பற்றிய பழைய அமெரிக்கப் படம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டு வீடியோ கசற். பெரிய பெயர் எடுத்த படமாம். பார்க்காமல் இருப்பது பாவமாம். கார்க்காரர் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படம் என்று கட்டடத்தில் இருந்த நாலைந்து குடும்பங்களுக்கும் அவரே சொல்லியும் விட்டார். ஸ்காபரோவில் எங்கள் இரண்டு அறை வீட்டின் ஹோலில் பதினைந்து பேர். ரீவிக்குப் பக்கத்தில் எனக்கென்று தனியாக ஒரு கதிரை. படத்தின் கதையைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். ஏனென்றால் நான் ரீச்சர்.

யாழ்ப்பாணத்தில் பல வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். ரொறன்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் தட்டுகளில் பழத்துண்டு அடுக்கினேன். ஆனால் கட்டடத்துக்குள் நுழைந்தால் திரும்பவும் ரீச்சர். எவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும், எவர் ஃபோம் நிரப்ப வேண்டியிருந்தாலும் அது என் சாப்பாட்டு மேசைக்கு வரும். காசு ஒரு சதம் வாங்கியதில்லை. மரியாதை வாங்கினேன். அதைக் கொஞ்சம் தாராளமாகவே வாங்கினேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. நான் படிப்பித்த ஆங்கிலத்தில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் வாய் திறப்பார். இந்தப் படத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதுவும் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து இழுவையில், வாய்க்குள் எதையோ மென்றுகொண்டு. இருபது பேருக்கு மேல் வந்தார்கள். பாடுகிறவர்கள், பாட ஆசைப்படுகிறவர்கள், அவர்களுடைய மனைவிமார், முகாமையாளர்கள். யார் யாருக்கு என்ன முறை என்றே பிடிபடவில்லை.

விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து முகங்களும் என்னையே பார்த்தன. நான் கதை சொல்லத் தொடங்கினேன்.

பாட்டுக்காரரின் பஸ்ஸை ஓட்டும் இளைஞன் ஒருவன் அந்தப் படத்தில் வருவான். பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி ரெலிபோன் கூண்டுக்குள் போய்விடுவான். வெளியே பாட்டும் இரைச்சலும். அவன் சொல்வதில் ஒரு சொல் கூடக் கேட்கவில்லை. அவன் தாயுடன் கதைக்கிறான் என்றேன். தாய்க்குச் சுகமில்லை என்றேன். அடுத்த ஊரில் தாய்க்குக் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்த ஊரில் திரும்பவும் மோசம். எனக்கே கதையில் பிடிப்பு வந்துவிட்டது. முடிவில் அவன் ரெலிபோனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தாய் கண்ணை மூடிவிட்டா என்று மெல்லிய குரலில் சொன்னேன்.

பத்தாம் மாடி அக்கா விம்மி அழுதா. அவவின் தாய் ஊரில் தனியே இருந்தா. அங்கே ரெலிபோன் கிடையாது. கடிதங்கள் மாதக்கணக்கில் எங்கெங்கோ கிடந்து வரும், வராமலும் விடும். தாயை இங்கே கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் ஃபோமை நான்தான் நிரப்பியிருந்தேன். அந்த வாரம் தபாலில் போடுவதற்காக அது என் அலுமாரிக்குள் இருந்தது.

அடுத்த சில நாட்கள் கட்டடம் இரண்டாகப் பிரிந்தது. மூன்றாம் மாடி அண்ணை ஒரு கட்சிக்குத் தலைவர். கொழும்பில் தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கியவர். கதாநாயகன் யார் என்று தெரியாத படம் ஒரு படமா, ஆளாளுக்கு வந்து பாடிவிட்டுப் போவதற்குப் பெயர் திருவிழா என்று லிஃப்ற்றுக்குள் நின்று தீர்ப்புச் சொன்னார். அக்கா மற்றக் கட்சி. இருபது பேரில் அந்தப் பிள்ளை ஒருவனே போதும், தாயை நினைக்கிறவன் கதாநாயகன் இல்லையா என்று நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் சண்டை பிடித்தா. என் கணவர் பாட்டு நல்லது என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். நான் உள்ளூரப் பூரித்துப் போனேன். உண்மையில் அவர்கள் சண்டை பிடித்தது என் படத்துக்காகத்தானே.

வியாழக்கிழமை வேலையால் வந்து பார்த்தால் ரீவிக்கு மேல் கசற்றுகளைக் காணவில்லை. அக்கா இன்னொரு தரம் பார்க்கக் கேட்டா, கொடுத்துவிட்டேன் என்றார் கணவர்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். சின்ன வயதிலேயே வந்து இங்கே பள்ளிக்கூடம் போனவள். எந்த இழுவை ஆங்கிலமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதலில் என் மரியாதையை நினைத்துத்தான் பயந்தேன். ரீச்சருக்கு இங்கிலிஷ் தெரியாது என்ற கதை லிஃப்ற்றில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. ஸ்பொன்சர் ஃபோமின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. நீளமான, சுற்றி வளைத்த கேள்வி. நாலு தரம் வாசித்தும் தெளியவில்லை. அக்கா எதிரே இருந்து என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டேன். பஸ் சாரதிக்குத் தாயைக் கொடுத்ததும் அதே துணிச்சல்தான். ஆனால் அக்காவின் தாய் படத்தில் வருகிறவ இல்லை. எனக்கு என்மேல் ஆத்திரம் வந்தது. கத்தியை வைத்துவிட்டேன்.

நான் மேலே போக முதல் அக்கா கீழே வந்துவிட்டா. மகளும் கூட வந்தாள். கசற் பெட்டியை மேசையில் வைத்தா.

“ரீச்சர், அந்தப் பெடியன் தாயோடை கதைக்கேல்லையாம். ஆரோ விக்கிற மீன்பிடி வள்ளமொண்டை வாங்கத்தான் உந்தப் பாடு பட்டவனாம். கடைசியிலை அதை வேறை ஆரோ வாங்கிப்போட்டினமாம்.”

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

“ஓம் அக்கா,” என்றேன். “எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்தது.”

சொன்ன பிறகு காது இரண்டும் சுட்டன. அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா.

“படத்துக்கு நீங்கள் சொன்ன கதைதான் நல்லம்,” என்றா. “வள்ளத்துக்கு ஆர் அழுறது? ஆனா ரீச்சர், ஃபோமிலை கதை வேண்டாம்.”

நான் அலுமாரியைத் திறந்து கடித உறையை எடுத்தேன். ஏற்கெனவே ஒட்டியிருந்தேன். அவ முன்னாலேயே கிழித்தேன். மூன்றாம் பக்கத்தை விரித்து அந்தக் கேள்வியின்மேல் விரலை வைத்தேன். மகள் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். அவளுக்கும் விளங்கவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் வெட்கம்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாக உதவும் ஓர் அலுவலகத்துக்கு அக்காவும் நானும் பஸ் ஏறினோம். அங்கிருந்த பெண் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். கேள்வியை வாசித்தாள், நெற்றியைச் சுருக்கினாள், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே யாரிடமோ கேட்கப் போனாள். அக்கா என்னைப் பார்த்தா. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் திரும்பி வந்து நான் அடையாளம் போட்ட கட்டத்தைக் காட்டினாள். பிழை. இப்படியே போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், ஒரு வருடம் வீணாகப் போயிருக்கும் என்றாள். எங்கள் சிரிப்பு நின்றது. அக்கா என்னை ஏசுவா என்று காத்திருந்தேன். அவ அந்தப் பெண்ணிடம் வெறும் ஃபோம் ஒன்று கேட்டு வாங்கி, அதை எனக்கு முன்னால் தள்ளி வைத்தா. கைப்பையைத் திறந்து பேனையையும் எடுத்துத் தந்தா.

“எழுதுங்கோ ரீச்சர்,” என்றா.