முதுகுக்கு ஒரு வளைவு

காஞ்சிபுரத்தில் மேரியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் துணியோடு முதுகையும் கொண்டுவர வேண்டும். அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதாதா என்று யாராவது இழுத்தால், "போதும்மா, வேற கடைக்குப் போதும்" என்று சொல்லிவிடுவாள். வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முகூர்த்தப் பட்டோடு சேர்த்து நெய்து வருகிற ஜாக்கெட் துணி ஒன்றே ஒன்று. கத்தரி வைத்த பிறகு ஐயோ அம்மா என்றால் யார் திருப்பி நெய்து தருவார்கள்? அதனால் முதுகைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் மேலேயே கழுத்து வளைவை வரைந்து காட்டுவாள். உடுத்தப்போகிறவள் தன் வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் துணியைத் தொடுவாள்.

இந்த வித்தை தையல் வகுப்பில் வந்ததல்ல. ஏனாத்தூர் சாமுவேலின் மகளான மேரி, டிப்ளமோ முடித்த கையோடு ஒரு பேனர் கடையில் சேர்ந்தாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று வரும் படங்களில் ஆட்களைத் தனியாகப் பிரித்தெடுப்பது அவள் வேலை. கம்ப்யூட்டரில் கோடு வரையும் பென் டூலை வைத்துக் காது, தோள், கொண்டை என்று சுற்றிக் கோடு போட வேண்டும். ஒரு புள்ளி வைத்து இழுத்தால் இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீளும். மீசையைத் திருப்பினால் கோடு வளையும். புதிதாக வருகிறவர்கள் புள்ளியாகக் குத்தித் தள்ளிக் கோட்டை நெளிய விடுவார்கள். மேரி இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வாள். வருஷக்கணக்காக ஊரார் தோளையெல்லாம் வரைந்ததில் அவளுக்கு ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. எந்த இரண்டு பேருக்கும் தோள் ஒரே மாதிரி இறங்குவதில்லையே, அது ஏன்? பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்ட கதையெல்லாம் உண்டு. அந்தக் கிறுக்குதான் அவளைத் தையலுக்கு இழுத்து வந்தது, சொந்தக் கடையும் வைக்க வைத்தது.

போன ஆவணியில் தாமலிலிருந்து பொன்னியம்மாள் வந்தாள், கல்யாணப் பெண்ணான மகள் ஜெயப்ரியாவோடு. அரக்குப் பட்டு, மாம்பழ நிற ஜாக்கெட் துணி.

"இன்னா நெக் வேணும்?" என்றாள் மேரி.

"பாட் நெக்குக்கா, பானை மாதிரி. பின்னாடி நல்லா எறக்கி."

"அதெல்லாம் ஒண்ணியும் வாணாம்," என்று பொன்னியம்மாள் குறுக்கே விழுந்தாள். "கழுத்து வரைக்கும் மூடித் தச்சுடுமா."

மகள் முகம் தொங்கிப்போனது. மேரிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டதும் பொன்னியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வலது தோளாண்ட தழும்பு இருக்குது. மூணு வயசுல, நான் கஞ்சி வடிச்சிக்கினு இருக்கசொல்ல ஓடியாந்து மேல கொட்டிக்கினா. மாப்ள வூட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா கல்யாணமே நின்னுபூடும்மா."

"எவ்ளோ பெருசு?"

பொன்னியம்மாள் உள்ளங்கையை அகல விரித்துக் காட்டினாள்.

யாரோ ஒருத்தியின் பழைய முதுகுப் படத்தைத் திறந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, அதை மறைக்கிற மாதிரி மேரி வளைவுகளை இழுத்துப் பார்த்தாள். எப்படி இழுத்தாலும் கோடு பிடரிக்கே ஏறியது.

"ஸ்கூலுக்கும் மூடி, காலேஜுக்கும் மூடி. என் கல்யாணத்துக்குமாக்கா?" என்றாள் ஜெயப்ரியா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"உன் முதுகைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பெண் எழுந்து திரைக்குப் பின்னால் போய்விட்டாள். மேரி தோள்பக்கத்தை மட்டும் படம் பிடித்து வந்து ஏற்றினாள். பெரிதாக்கித் தேடினாள். அந்த உள்ளங்கை எங்கே? தோள்பட்டை எலும்புக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு நிறம் மாறிய ஒரு தீற்றல், அவ்வளவுதான். தோளில் ஒரு புள்ளி, முதுகு நடுவில் ஒரு புள்ளி வைத்து இழுத்தாள். பாட் நெக் அழகாக விழுந்தது. தழும்பு துணிக்குள்ளேயே நின்றது.

"இந்தா பாரு! நீ கேட்டதும் ஆச்சு, அம்மா கேட்டதும் ஆச்சு."

ஜெயப்ரியா வளைவைப் பார்க்கவே இல்லை. "கோட்டை எடுங்கக்கா," என்றாள். எடுத்ததும் கம்ப்யூட்டர் திரைக்கு வெகு அருகில் போய் நின்றாள். "இதுவாக்கா அது?"

மேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக இவள் அதைப் பார்த்ததே இல்லையா? விரலால் தடவித் தெரியும், அம்மாவின் பயத்தால் தெரியும். கண்ணாடி வைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

பொன்னியம்மாளும் எழுந்து வந்தாள். மகள் தானாகக் குளிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவளும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. திரையில் விரலை வைத்தாள். "இவ்ளோதானாடி?"

"இதை எனக்கு அனுப்புங்கக்கா. கோடு வாணாம், இப்டியே. குருவுக்கு அனுப்பப்போறேன்." குருதான் மாப்பிள்ளை, ஒரகடத்தில் கம்பெனி வேலை.

"ஏய், வாணாம்டி! பத்திரிகை வச்சாச்சுடி!" என்று பொன்னியம்மாள் மகள் கையைப் பிடித்தாள்.

"கல்யாணத்துக்கப்புறமும் மூடிக்கினே இருக்கவாம்மா?" கையை விடுவித்துக்கொண்டு, மேரி போனுக்கு அனுப்பிய படத்தோடு, அது எப்படி வந்த தழும்பு என்று இரண்டு வரி தட்டிக் குருவுக்கு அனுப்பிவிட்டாள்.

போனில் நீலக் குறி விழுந்தது, பார்த்துவிட்டான். பதில் வரவில்லை. பொன்னியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேரி மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். இதை நாம்தான் கிளறிவிட்டோமோ என்று நினைத்தாள்.

குரல் பதிவு வந்தது. ஜெயப்ரியா மூவருக்கும் கேட்கும்படியே வைத்தாள். பின்னால் மிஷின் சத்தம். "ஐயோ, கஞ்சியா ப்ரியா? மூணு வயசுலயா? இப்பவும் வலிக்குதாம்மா?"

பொன்னியம்மாள் உடைந்து அழுதாள். சின்ன வயதில் எண்ணெய் தடவினாள், வேண்டிக்கொண்டாள், மூடி மூடி வளர்த்தாள். இந்த ஒரு கேள்வியை மட்டும், பதிலுக்குப் பயந்து, அவள் கேட்டதே இல்லை.

ஜெயப்ரியா போனை மேஜைமேல் வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் குந்தினாள்.

"வலிக்கலம்மா," என்றாள். "எப்பவோ போயிடுச்சு."