தேர் நாளில் விழுந்த இறுப்பிட்டி லிங்க்

தேர் இழுக்க அரை மணித்தியாலம்கூட இல்லை, இறுப்பிட்டிக் கோயிலுக்கான இணைய லிங்க் இன்னும் வரவில்லை. கனடாவிலும் சுவிஸிலும் ஊர்ச் சனம் நேரலை பார்க்கப் போனுக்கு முன்னால் குந்தியிருந்தது. இணையத்தைப் பிரித்துக் கொடுக்கக் கோயிலில் பூட்டியிருந்த பழைய ஸ்விட்சை உப்புக்காற்றுத் தின்றதில், அது முந்தின நாள் செத்துப்போனது. காலையில் ரஞ்சன் புதியது ஒன்றைப் பூட்டினார். லைட் எல்லாம் பச்சை, ஆனால் இணையம் இல்லை.

தீவுப்பகுதிக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. சரவணையில் உள்ள ஸ்விட்ச் அறை என் வேலைத்தலம். வெளிவேலை ரஞ்சனுக்கு. பாதி லிங்குகளை நான் கதிரையை விட்டு எழும்பாமலே சரிசெய்துவிடுவேன். ஆனால் சனத்தின் கண்ணில் படுவது மோட்டார் சைக்கிளில் வரும் ரஞ்சன்தான். ஒரு வீட்டில் நண்டு கொடுப்பார்கள், இன்னொரு வீட்டில் ஒடியல் மா கட்டிக் கொடுப்பார்கள், கல்யாணத்துக்குச் சொல்லுவார்கள். அறைக்குள் நான் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கு வயிறு எரியும். அதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வருடம் தீவுப்பகுதிப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி வந்தது. அதற்கு இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். தேருக்கு வந்திருந்த மனேஜர், திரும்பிப் போகுமுன் யாருக்கு என்று சொல்வதாக இருந்தது. அவர் நின்றது ரஞ்சனுக்குப் பக்கத்தில். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு ஸ்விட்சும் ஹலோ சொல்லி ஒன்றையொன்று அறிந்திருந்தன. அதற்குமேல் போகவில்லை, பேச்சைத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற படியிலேயே நின்றன. பிங் போய்ப் பதில் வருகிறது, ஆனால் தரவு போகவேண்டிய வழி, அந்த ரூட், வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது எம்டியூ, அதாவது ஒரு தடவையில் அனுப்பக்கூடிய பொதியின் அளவு. அது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். என் பக்கம் ஒன்பதாயிரம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டிய புது ஸ்விட்சில் ஆயிரத்து ஐந்நூறு. அங்கே மாற்றினால் ஸ்விட்சை ரீபூட் செய்யவேண்டும், அதற்கு நேரமில்லை. என் பக்கத்துக்கு ரீபூட் தேவையில்லை, குறைத்தால் லிங்க் உடனே வரும்.

ரஞ்சனுக்குப் போன் எடுத்தேன்.

"ரஞ்சன், கேபிளில பிழையில்லை. எம்டியூ வித்தியாசம். நான் இஞ்ச மாத்துறன். நீர் ஒண்டையும் தொடாதையும்."

"ஓமக்கா. லைனில நில்லுங்கோ."

போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார் போல. அங்கே நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது. கோயில் தலைவரின் குரல் கிட்ட வந்தது.

"என்ன தம்பி, சும்மா நிக்கிறீர்? சனம் வெளிநாட்டிலயிருந்து என்னை ஏசுது. கழட்டிப் பூட்டிப் பாருமன்."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா, அக்கா பாக்கிறா."

"எந்த அக்கா? இஞ்ச ஒருத்தரையும் காணேல்லையே."

எங்கள் ஊர்களில் கை அசைவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது வேலை. நான் கொமாண்டை அடித்து எண்டரைத் தட்டினேன். தலைவரின் நச்சரிப்புத் தாங்காமல் அதே நேரம் ரஞ்சன் கேபிளைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டியிருக்கிறார். என் திரையில் நெய்பர் ஃபுல் என்று வந்தது, லிங்க் முழுதாக வந்துவிட்டது. அங்கே சனம் கைதட்டியது. நான் செய்த வேலைக்கு அவருக்குக் கைதட்டு, அதையும் நானே காதால் கேட்கவேண்டியிருந்தது.

"கெட்டிக்காரன்" என்றார் மனேஜர்.

"இல்லை சேர், நான் ஒண்டும் செய்யேல்லை. சத்தியமா அக்கா சரவணையிலயிருந்து செய்தது."

மனேஜர் சிரித்தார். "பாத்தீங்களே ஐயா? செய்துபோட்டும் தன்ர பேரைச் சொல்லுறானில்லை. இப்பிடி ஒருத்தன்தான் பொறுப்புக்கு வேணும்."

பதவி அவருக்குப் போனது. நான் பின்னர் மனேஜரிடம் விளக்கினேன். "விளங்குது பிள்ளை, ரெண்டு பேரும் சேர்ந்துதானே செய்தனீங்கள்" என்று முடித்துவிட்டார்.

அறைக்குள் இருந்து வேலை செய்யும் இளையவர்களுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஒன்று சொல்கிறேன். பிழையைக் கண்டுபிடித்த உடனே சரிசெய்துவிடாதீர்கள். முடிவெடுக்கிறவருக்கே நேரே போன் எடுங்கள். பிழை என்ன, எதை மாற்றப்போகிறீர்கள் என்று சொல்லி, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எண்டரைத் தட்டுங்கள். நான் எடுத்தது பிழையான ஆளுக்கு.

ரஞ்சன் பதவிக்கு வந்த பிறகும் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார். தனக்குக் கிடைத்த நண்டில் பாதியைக் கொண்டுவந்து தருவார். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு அந்தக் கைதட்டைத் திருடியிருந்தால், நான் அவரைத் திட்டியாவது மனம் ஆறியிருப்பேன். அந்த மனுசன் அதற்கும் இடம் வைக்கவில்லை.