மெஹருன்னிஸா டீச்சருக்கு ஓர் ஆங்கிலச் சொல்

காடாம்புலியூரில் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுக் காலை பஸ்ஸில் நெய்வேலி திரும்பினேன். இறங்கியதும் எதிர்ச் சுவரில் ஒரு புதுப் போஸ்டர். வாசிக்கத் தெரிந்ததிலிருந்து எந்தச் சுவரையும் நான் சும்மா விடுவதில்லை. படம் இல்லை, எழுத்து மட்டும். 'கண்ணீர் அஞ்சலி' என்பதை நிற்காமல் படித்தேன். அடுத்த வரியில் ஒரு 'ஹ', ஒரு 'ஸ'. இரண்டையும் தடுக்காமல் தாண்டி, 'மெஹருன்னிஸா டீச்சர்' என்று படித்து முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த இரண்டு எழுத்துகளையும் எனக்குக் கடைசியாகக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "என் பேருக்குள்ள இருக்கிற எழுத்துண்ணே. இதைத் தப்பா எழுதினா மட்டும் கோவிச்சுக்குவேன்" என்றார். போஸ்டரில் சரியாகவே இருந்தது. அடக்கம் முந்தைய நாளே முடிந்துவிட்டது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர். எங்களுக்கு அவர், ஓய்வு பெற்ற பிறகு மாலையில் கம்யூனிட்டி ஹால் வராந்தாவில் பாய் விரித்தவர். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக் கிழவனான நானும், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பெருக்கும் வேலைக்கு வரும் அஞ்சலையும், எங்களைப் போன்ற சிலரும் அங்கேதான் 'அ' எழுதினோம்.

ஒருநாள் அவரிடம் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நாங்கள் முறையிட்ட ஒரு கூட்டத்தில், எல்லாருக்குமாக நான்தான் பேசினேன். முடித்ததும் ஓர் அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம், என்னைக் காட்டி 'நாட் கன்வின்சிங்லி' என்று ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். மற்றது மறந்துபோயிற்று. அந்தச் சொல் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. "கேட்கிறவங்க நம்பி ஏத்துக்கிற மாதிரின்னு அர்த்தம்ணே. அதட்டி உட்கார வைக்கிறது வேற, அழுது சம்மதிக்க வைக்கிறது வேற. இது கேட்டவங்க தானா எழுந்து வர்றது" என்றார். எங்கே பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். ஆட்டத்தில் ஒருவன் யாரும் குறை சொல்ல முடியாதபடி ஜெயித்தாலும் இந்தச் சொல் பொருந்துமாம். "கன்வின்சிங்லி பொய் சொன்னான்னும் சொல்லலாம். இந்தச் சொல்லு உண்மைக்கு மட்டும் சொந்தமில்ல. ஒண்ணுதான், பேசினவங்களே இதைத் தனக்குச் சூட்டிக்கக் கூடாது. கேட்டவங்கதான் கொடுக்கணும்."

மறுநாளே அதை விளையாட்டாக்கினார். பேசுகிறவருக்கு ஒரு பாய், கேட்பவர்களுக்கு எதிர்ப்பாய். கைதட்டல் கிடையாது. பேச்சு யாரை அசைத்ததோ அவர் எழுந்து வந்து பேசியவரின் பாயில் உட்கார வேண்டும். முந்திரி உசத்தியா, பலா உசத்தியா என்று டீச்சர் கேட்டதும் அஞ்சலை எழுந்தாள். "முந்திரிய எண்ணிக்கினு துன்னணும். பலா ஒண்ணு வெட்டினா தெருவே துன்னும்ங்க!" எதிர்ப்பாய் காலியாகிவிட்டது. டீச்சரே முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கரும்பலகையில் அஞ்சலை பெயருக்கு நேரே அந்தச் சொல்லை எழுதினார்.

நான் பேசிய நாள்களில் ஒருவரும் எழுந்ததில்லை. "மாமா பேச ஆரம்பிச்சா ஃபேன் கூட தூங்கிடுது" என்பாள் அஞ்சலை.

போன மாதம் டீச்சருக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். பாண்டிச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சர் அசையவில்லை. தம்பி பிள்ளைகள் அதட்டிப் பார்த்தார்கள். அஞ்சலை அழுது பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நீ போய்ச் சொல்லு மாமா."

"நான் சொல்லி எவன் கேட்டான்?"

"அதான். உன்னாண்ட சண்டை போட அதுக்கு மனசு வராது."

போனேன். அவர் நாற்காலியில் இருந்தார், நான் எதிரே பெஞ்சில். "அவரு கடைசியா போனதும் அந்த மாதிரி ஒரு ஆபரேஷன் ரூமுக்குள்ளதான்ணே. எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவர் என்றது அவருடைய கணவரை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"மைன்ஸ்ல கரி போற பெல்ட்டு கிழியறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுக்கும், டீச்சரம்மா. அப்பவே நிறுத்திப் பார்த்தா நஷ்டம் அந்த ஷிப்டோட போச்சு. வுட்டுட்டா பெல்ட்டே போயிடும். உங்க நெஞ்சு சத்தம் குடுத்துக்கினு இருக்குது. நிறுத்திப் பாருங்க." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்தார். மூச்சு வாங்க நடந்து வந்து என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கன்வின்சிங்லி, கோவிந்தண்ணே" என்றார்.

"அப்ப நாளைக்கே வண்டி சொல்லட்டுங்களா?"

"நாளைக்கு வேணாம். மகள் வீட்டுக்குப் போறதா சொன்னீங்களே, போய்ப் பார்த்துட்டு வாங்க. வந்ததும் நீங்களே கூட்டிக்கினு போங்க." எங்கள் பேச்சிலேயே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் காடாம்புலியூருக்கு பஸ் ஏறினேன்.

இதை எழுதப் பல நாள் ஆயிற்று. 'அஞ்சலி'யில் வரும் 'ஞ்', எழுதும்போது இன்னும் என்னை நிறுத்துகிறது. ஒவ்வொரு வரி முடியும்போதும் மனசு துள்ளுகிறது. அவர் போனதைப் பற்றி எழுதும்போதுமா என்றால், ஆமாம். அதற்கு நான் என்ன செய்ய?

அவர் உண்மையாகவே அசைந்து எழுந்தாரா, என்னை அனுப்பிவைக்க எழுந்தாரா? அவரோடு பழகிய உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் நாலடி நடந்து வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை நம்பி காடாம்புலியூருக்கே எழுந்து போனவன் நான். கேட்டவர் எழுந்தால் அந்தச் சொல் பேசியவருக்கு.

அவர் பெயரில் உள்ள 'ஹ'வையும் 'ஸ'வையும் நான் வைத்துக்கொள்கிறேன். அந்த ஆங்கிலச் சொல் என்னுடையது இல்லை. கேட்டவன்தான் கொடுக்க வேண்டும் என்றார். உங்களுக்கே கொடுத்துவிட்டேன், டீச்சரம்மா.