வசந்தா பார்க்காத முகம்

செவ்வாய்க்கிழமை காலை காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து போன். வசந்தாவின் தம்பி. “அக்கா தூக்கத்துலேயே போயிட்டாங்க சார்” என்றார். பையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

புத்தூர் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடி, சிறையில் அநியாயமாக வாடுகிறவர்களுக்காக அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும் உங்களுக்கு, வசந்தாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யார்?

உறையூரில் தறி வேலை செய்யும் ஒருவர் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தார். சர்க்கரை நோய். காலில் புண் அழுக ஆரம்பித்தும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. நான் ஆத்திரம் தீரப் பக்கம் பக்கமாக எழுதினேன். வசந்தா படித்துவிட்டுச் சிரித்தார். “நல்லாத்தான் திட்டியிருக்கீங்க சார். படிக்கிறவருக்குக் கோபம் வரும். உள்ள இருக்கறவருக்கு மருந்து வருமா?” அவர் அடித்துத் தள்ளியது போக மிஞ்சியது சில வரிகள்: யார், எங்கே, என்ன நோய், சட்டப்படி என்ன செய்ய வேண்டும். மேலே மரியாதையாக ஒரு வணக்கம்.

எல்லோரும் எழுதி, உறைகளை ஒட்டியும் ஆயிற்று. அந்த மனிதரின் மனைவியும் அன்று வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வசந்தா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “வீட்டுக்காரர் பேரைப் போட்டு எழுதறது உங்களுக்குப் பயமா இருக்காம்மா?”

“வெளியில தெரிஞ்சா உள்ள வச்சு அடிப்பாங்களோன்னு இருக்குங்க.”

அவ்வளவுதான், ஒரு உறையும் தபாலுக்குப் போகவில்லை. கால் அழுகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று நான் கத்தினேன். “அடி வாங்கப் போறது நாம இல்லையே சார்” என்றார். மறுநாள் அந்த அம்மா மனு போட்டுக் கணவரைப் பார்த்து வந்தார். “எழுதச் சொல்லு” என்றாராம். அதன்பிறகே கடிதங்கள் போயின. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கால் பிழைத்தது, பின்னால் ஜாமீனும் கிடைத்தது.

அவரை அழைத்து வரட்டுமா என்று மனைவி கேட்டபோது வசந்தா தடுத்துவிட்டார். “நன்றி சொல்லவா? முதல்ல நல்லா சாப்பிட்டுத் தேறட்டும். அவருக்கா தோணினா வரட்டும்.” அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். இப்போது வசந்தா மேல் கோபம் கோபமாக வருகிறது.

செவ்வாய் மதியம் வசந்தாவின் வீட்டுக்கு அந்தத் தறிக்காரர் வந்தார், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, லேசாக விந்தியபடி. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அம்மா என்னை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருக்கலாமேங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வசந்தாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த மனிதரின் முகம்தான். அவர் பார்க்க வேண்டியதை நான் பார்த்துவிட்டேன்.