மதி சொல்லத் தெரியாத கேபிள்

மோடம் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிது. 2004இல், மழை விட்டுவிட்டுத் தூறிய ஒரு மத்தியானம், புதுக்கடை என்ற ஊரில் ஒரு இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். ஊரே பாதி உறக்கத்தில் இருந்தது. எனக்கும் கண் சொக்கியது.

உள்ளே இடுப்பில் கைக்குழந்தையோடு செலின் நின்றாள், கடற்கரை ஊர்க்காரி. குழந்தை பிறக்கும் முன்பே கணவன் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். கடலில் போன் கிடையாது. கரையில் இருந்தபோது மகளுக்காகத் தன் குரலைப் பதிவு செய்து ஈமெயிலில் அனுப்பியிருந்தான். அது பாதி இறங்கி நின்றுவிடுகிறது.

"லைன்தான் சரியில்ல சாரே" என்றார் சென்டர் முதலாளி ஸ்டீபன்.

மோடம் கேபிளைப் பார்த்தேன். அவரே பற்ற வைத்தது. மூன்றே வயர்.

"டேட்டா போவும், வரும். மதில்லா? மிச்ச வயரு எதுக்கு?"

எங்கள் பக்கத்தில் மதி என்றால் போதும். அவர் மிச்சம் பிடித்ததே அந்தச் சொல்லைத்தான்.

"கல்யாணப் பந்தியில சோறு விளம்புனா, எலைக்கு மேல கைய வச்சு மதின்னு சொல்லுவோம்லா? நீங்க விட்ட வயருதான் அந்தக் கை. இந்தப் பழைய கம்ப்யூட்டர் நிறைஞ்சு திணறுது. அது தெரியாம மோடம் விளம்பிட்டே இருக்கு."

செலின் பதறினாள். "அண்ணே, அப்பொ அவரு சொன்னது கீழ சிந்திப் போச்சா?"

"சிந்துனத அதுவே மறுபடி அனுப்பும்மா. ஒண்ணும் போவாது."

முழு கேபிளை மாட்டி, நிறைந்தால் நிறுத்தச் சொல்லும் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை ஆன் செய்தேன். திரையில் நீலக்கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நிற்கும்போதெல்லாம் செலின் என் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாத. மூச்சு வாங்குது."

வெளியே தென்னையோலையில் மழை சொட்டியது. கோடு முழுதாக நிறைந்தது.

"மக்கா, அப்பா பேசுதேன்..."

குழந்தை ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. அந்தக் கடலின் நிறத்தை, இரவில் தெரியும் விளக்குகளை அவன் சொல்லிக்கொண்டே போனான். பிறகு குரல் உடைந்தது. "மதி. இனி பேசுனா அழுதிருவேன்."

செலின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு மதி. எங்களுக்கு மதியாவல்ல அண்ணே. இன்னொருக்கா போடுங்க."

போதும் என்று சொல்ல வேண்டியது வாங்குகிற பக்கம்தான் என்று பின்னாளில் எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்தேன். அன்று குழந்தை அந்தக் குரலிலேயே உறங்கிப்போகும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தோம்.